கலெக்டர் பெயரில் போன மெயில்

என்னிடம் நான்கு ஈமெயில் இருந்தன. அவற்றில் மூன்றை நான் ஆசைப்பட்டுத் தொடங்கவில்லை.

முதலாவதைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டர்காரர் தொடங்கிக் கொடுத்தார். ஏதோ ஒரு வேலைக்கு மனுப் போடப் போயிருந்தேன். வேலை கிடைக்கவில்லை, ஈமெயில் கிடைத்தது. பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி, சட்டைப் பையில் அவரே சொருகிவிட்டார். இரண்டாவது, முதல் செல்போன் வாங்கிய கடையில் வந்தது. "பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்பப் புதுசா ஒண்ணு போட்டுரலாம்" என்றார்கள். எங்கள் பக்கம் செருப்பு வாங்கினால் அட்டைப் பெட்டி வருவதுபோல, போன் வாங்கினால் ஈமெயில் வரும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவோம். ஈமெயிலையும் அப்படித்தான். மூன்றாவது, ஆபீஸ் கொடுத்தது. ரெட்டிபாளையத்தில் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கிற லாரிகளை விடும் காண்ட்ராக்டரிடம் எடைச்சீட்டு எழுதுகிறேன். தினமும் பெரம்பலூரில் பஸ் ஏறி, அரியலூரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் போய் எழுதுகிறேன்.

நான்காவதுதான் நானே தொடங்கியது. அதற்குக் காரணம் ஒரு ஃபேன்.

எங்கள் ஆபீஸ் அறைக்குத் தகரக் கூரை. இரண்டு கோடைக்காலம் மேனேஜரிடம் ஃபேன் கேட்டோம். மூன்றாவது கோடையில் எனக்குக் குறும்பு வந்தது. புதிதாக ஓர் ஈமெயில் தொடங்கி, அனுப்புகிறவர் பெயர் என்று கேட்ட இடத்தில் 'கலெக்டர், பெரம்பலூர்' என்று போட்டேன். தங்கள் அலுவலகத்தில் காற்றோட்டம் இல்லை என்று புகார் வந்துள்ளது, உடனே சரிசெய்யவும் என்று மேனேஜருக்கு அடித்துவிட்டேன். நாங்கள் இருப்பது அரியலூர் மாவட்டம். அந்தச் சந்தேகம்கூட அவருக்கு வரவில்லை. மெயிலை எழுந்து நின்று படித்தார். மூன்றாம் நாள் ஃபேன் ஓடியது. அடுத்த ஒரு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மேனேஜருக்கு இன்றுவரை தெரியாது.

போன வருஷம் புதுப் போன் வாங்கியபோது கடையில் வழக்கம்போல பாஸ்வேர்டு கேட்டார்கள். எனக்கு ஞாபகம் இருந்தது கலெக்டருடையது மட்டும்தான். அதைச் சொன்னேன், ஏற்றிவிட்டார்கள். மற்றதெல்லாம் பிறகு வீட்டில் சீட்டைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். முதலில் ஏறியது முன்சீட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தப் போனில் யாருக்கு மெயில் எழுதினாலும், வேண்டாம் என்று நானாக மாற்றினாலொழிய, எழுதுவது கலெக்டர்தான். போனில் நான் மெயில் படிப்பேனே தவிர எழுதுவதில்லை. அதனால் அது எனக்குத் தெரிய வேண்டிய வேளை வரவே இல்லை.

அந்த வேளை என் தங்கச்சி புருஷன் சாவில் வந்தது.

தங்கச்சியை விக்கிரமங்கலத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் புருஷன் சவூதியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கம்பி கட்டுகிற வேலையில் இருந்தார். வேலைக்குச் சேரும்போது பாரத்தில் குடும்பத்தார் ஈமெயில் என்று ஓர் இடம் இருந்திருக்கிறது. அவர் வீட்டில் யாருக்கும் கிடையாது. "மச்சான், உங்களோடதப் போட்டுட்டேன்" என்று போனில் சொன்னார். அவர் போட்டது, பிரவுசிங் சென்டர்காரர் கொடுத்த முதலாவதை. "போடுங்க மாப்ள. சோறு தண்ணி கேக்காது, அது பாட்டுக்குக் கெடக்கும்" என்றேன்.

ஒரு நாள் முற்பகல், எடைச்சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது சவூதியிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. மாப்பிள்ளையோடு ஒரே அறையில் தங்கியிருந்த பாடாலூர்க்காரர்.

"அண்ணே, ஆபீஸ்லயா இருக்கீங்க?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"நிக்கிறீங்களா, உக்காந்திருக்கீங்களா?"

"உக்காந்து சம்பளம் வாங்குற ஆளுங்க நானு" என்றேன். என் வாய் அப்படி. அவர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை காலையில் எழுந்திருக்கவில்லை என்றார். நெஞ்சுவலி என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நாற்பத்து நான்கு வயது.

மறுநாள் அந்த முதல் ஈமெயிலுக்குக் கம்பெனியிலிருந்து பாரம் வந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைத்தான் எப்போதும் திறந்து வைத்திருப்பேன், அதனால் உடனே பார்த்தேன். பாரத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. உடலை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றால் ஒரு கட்டம், அங்கேயே அடக்கம் செய்யலாம் என்றால் இன்னொரு கட்டம். மனைவி கையெழுத்துப் போட வேண்டும். பதினைந்து நாளுக்குள் குடும்பத்தின் பதில் வராவிட்டால் அங்கேயே அடக்கம் செய்ய அனுமதி கேட்போம் என்று கீழே போட்டிருந்தது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு விக்கிரமங்கலம் போனேன். வாசலில் பந்தல் போட்டு நாற்காலி வரிசையாகக் கிடந்தது. தங்கச்சி பத்தாவது வரை படித்தவள். பாரத்தை அவளே படித்தாள். இரண்டாவது கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இது எதுக்குண்ணே இருக்கு?" என்று கேட்டாள்.

"அது சும்மா ஆயி. எல்லாருக்கும் பொதுவா அடிக்கிற பாரம்."

முதல் கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "நான் வேற ஒண்ணுமே கேக்கல. மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்கறேன். அதுக்கு மட்டும் வழி பண்ணிரு" என்றாள்.

ஆபீஸுக்குத் திரும்பிப் போய் ஸ்கேன் எடுத்து அனுப்பியிருக்கலாம். மறுநாள் காலையாகிவிடும். எனக்கோ அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, அப்போதே அனுப்பிவிட வேண்டும் என்று ஒரு வேகம். நாற்காலியில் காகிதத்தை விரித்துப் போனில் படம் எடுத்தேன். கம்பெனி விலாசத்தைப் பிரிண்டைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். சம்மதக் கடிதம் இணைத்துள்ளோம், தயவுசெய்து விரைந்து ஆவன செய்யவும் என்று எழுதினேன். அவசரத்தில் கீழே என் பெயரைப் போட மறந்தேன். மேலே யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கவில்லை. 'சுய்ங்' என்று சத்தம் வந்தது.

"போயிருச்சு" என்று பந்தலுக்கே கேட்கும்படி சொன்னேன். ராக்கெட் விட்டவன் மாதிரி நின்றேன். தங்கச்சியின் மாமனார் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "படிச்ச ஆளு ஒண்ணு வூட்டுக்கு இருக்கணும்ப்பா" என்றார்.

பிறகு காத்திருந்தேன். காலையில் ஆபீஸில் நுழைந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டு, முதல் ஈமெயிலைத் திறந்து பார்ப்பேன். லாரிக்கு ஒரு தடவை பார்ப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை லாரி என்று எனக்குத் தெரியும், ஆகவே எத்தனை தடவை பார்த்தேன் என்றும் தெரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாயங்காலம் அரியலூரில் பஸ் ஏறும் நேரம் பார்த்துத் தங்கச்சி போன் பண்ணுவாள்.

"வந்துச்சாண்ணே?"

"வரும் ஆயி. அங்க வெள்ளிக்கெழம லீவு."

அடுத்த நாள் சனிக்கிழமை. "அங்க சனிக்கெழமயும் லீவு" என்றேன். ஞாயிறு அவர்களுக்கு வேலை நாள் என்று எனக்குத் தெரியும். "இங்க லீவுல்ல, அதனால நம்ம பக்கம் வந்து சேராது" என்று சொல்லிவிட்டேன். ஈமெயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை தபால்காரர் வரமாட்டார் என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவள் நம்பினாள். நம்பாமல் வேறு யாரிடம் போவாள்?

அனுப்பிய ஒன்பதாம் நாள் மத்தியானம் பாடாலூர்க்காரர் கூப்பிட்டார்.

"அண்ணே, ஆபீஸ்ல போயி நேர்ல கேட்டுட்டு வந்தேன். வூட்டுலேருந்து இன்னும் ஒண்ணும் வரலைங்கறாங்க. ஆனா உங்க கலெக்டரு மெயில் போட்டிருக்காராமே?"

"எந்தக் கலெக்டருங்க?"

"பெரம்பலூரு கலெக்டருன்னுதான் சொல்றாங்க. அவருக்கு மூணு பதில் போட்டாச்சாம். அவருகிட்ட எதுக்கும் ஒரு வார்த்த கேளுங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் மூளை உள்ளவன் எவனும் உட்கார்ந்து யோசித்திருப்பான். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கலெக்டரே எழுதியிருக்கிறார் என்றதும் எனக்குக் கண்ணீர் வந்தது. சத்தியமாக வந்தது. நாம் எங்கோ கிடக்கிற ஆட்கள், நமக்காக ஒரு பெரிய ஆபீஸர் கடல் தாண்டி எழுதுகிறாரே என்று இருந்தது. நேராகத் தங்கச்சியின் மாமனாருக்குப் போன் போட்டேன்.

"மாமா, கவலப்படாதீங்க. கலெக்டரே தலையிட்டுட்டாரு."

"நம்ம கலெக்டரா?"

"பெரம்பலூரு கலெக்டரு."

"நம்ம அரியலூரு ஜில்லாவுல்ல? அவரு எதுக்குப்பா போடுறாரு?"

"நான் பெரம்பலூருலதான மாமா இருக்கேன். எப்புடியோ காதுல விழுந்திருக்கும்."

"அப்பன்னா திங்கக்கெழம மனு நாள்ல போயி ஒரு சால்வ போத்திட்டு வந்துரணும்ப்பா. நீயும் வா" என்றார். அன்றைக்கே ஆள் அனுப்பிச் சால்வை வாங்கிவிட்டார்.

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது இளையவர், நான் மேடம் என்று கூப்பிடுவேன். என் பேச்சை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, நான் திறந்து வைத்திருந்த முதல் ஈமெயிலில் எதையோ தட்டிப் பார்த்தார்.

"சார், நீங்க அனுப்புனது இதுல இல்லையே."

"அனுப்புனேனே மேடம், சத்தம் வந்துச்சு."

"எதுலேருந்து அனுப்புனீங்க?"

"போன்லேருந்து."

"குடுங்க."

கொடுத்தேன். மேடம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"சார், நமக்கு இந்த ஃபேனு போட்டுக் குடுத்த கலெக்டரு யாரு சார்?"

போனை வாங்கிப் பார்த்தேன். கலெக்டர் ஈமெயிலில் கண்ட விளம்பரமும் வருகிறது என்று, மெயில் வந்தால் சத்தம் போடாதபடி நானே அதை எப்போதோ அமுக்கி வைத்திருந்தேன். உள்ளே கம்பெனியின் மூன்று பதில்களும் படிக்கப்படாமல் கிடந்தன. முதலாவது, மரியாதைக்குரிய கலெக்டர் அவர்களே என்று தொடங்கியது. தங்கள் அக்கறைக்கு நன்றி, சம்மதக் கடிதத்தைக் குடும்பத்தார் தங்கள் பதிவு செய்த ஈமெயிலிலிருந்து அனுப்பினால்தான் ஏற்க முடியும். இரண்டாவதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. பாரத்தில் உள்ள ஊர் அரியலூர் மாவட்டம் என்று இருக்கிறது, தாங்கள் பெரம்பலூர் என்கிறீர்கள், விளக்கவும். ஃபேன் விஷயத்தில் மேனேஜருக்கு வராத சந்தேகம், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு வந்திருக்கிறது. மூன்றாவது ஒரே வரி. தவணை முடிய இத்தனை நாள்தான் இருக்கிறது என்பது மட்டும்.

அடுத்த கால் மணி நேரம் நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல முடியவில்லை. மேடத்தின் தண்ணீர் பாட்டிலை எடுத்து முழுதும் குடித்தேன். கலெக்டர் ஈமெயிலை அடியோடு அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன், மேடம் என் கையைத் தட்டிவிட்டார். "அத அழிச்சா அவங்க போட்ட பதிலும் போயிரும். அப்புறம் என்னத்தக் காட்டுவீங்க?" நான் வாசல்வரை போய் யாராவது ஜீப்பில் வருகிறார்களா என்று பார்த்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள்தான் நின்றன. திரும்பி வந்து, "போலீஸ் வந்துச்சுன்னா நான் லீவுன்னு சொல்லுங்க மேடம்" என்றேன்.

"மொதல்ல செத்தவரு வூடு வந்து சேரட்டும் சார். அப்புறமாப் போங்க ஜெயிலுக்கு" என்றார்.

பையிலிருந்து பாரத்தை எடுத்துக் கொடுத்தேன். அவரே பாரத்தை ஸ்கேன் எடுத்தார். முதல் ஈமெயிலிலிருந்து, கம்ப்யூட்டரிலேயே, கம்பெனிக்கு எழுதினார். முன்பு கலெக்டர் பெயரில் வந்தது குடும்பத்தாரின் போனில் நேர்ந்த தவறு, எந்த அதிகாரியும் எழுதவில்லை, மன்னிக்கவும். கீழே என் பெயரும் போன் நம்பரும். அனுப்புவதற்கு முன் திரையில் மேலே இருந்த விலாசத்தை என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு என் போனை எடுத்து, செட்டிங்ஸுக்குள் போய், முன்சீட்டிலிருந்த கலெக்டரை இறக்கிவிட்டு முதல் ஈமெயிலை உட்கார வைத்தார். வீட்டில் வேறு எதிலாவது இந்தக் கலெக்டர் ஈமெயில் இருக்கிறதா என்று கேட்டார். மகளின் டேப்லட்டில் இருந்தது. மறுநாள் அதையும் கொண்டுவரச் சொல்லி மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று நிமிஷ வேலை இது. அதற்கு ஒன்பது நாள் மாப்பிள்ளை அங்கே ஒரு குளிர்ப் பெட்டகத்தில் கிடந்தார்.

தங்கச்சியின் மாமனாரைக் கலெக்டர் ஆபீஸுக்குப் போகவிடாமல் தடுக்க வேண்டியிருந்தது. "கலெக்டரு லீவுல போயிட்டாரு மாமா" என்றேன். "பாவம், எவ்வளவு வேலயோ" என்றார். சால்வையை மடித்து வைத்துவிட்டார்.

கம்பெனி மறுநாளே ஏற்றுக்கொண்டது. அதன் பிறகும் பத்து நாள் ஆயிற்று, காகிதங்கள் ஒவ்வொரு மேசையாகப் போய்வர. ஒவ்வொரு மெயிலுக்கும் நான் மேலே உள்ள விலாசத்தை வாய்விட்டுப் படித்த பிறகே அனுப்பினேன். ஆபீஸில் அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியை நானும் மாமனாரும்தான் வாங்கினோம். அங்கே கையெழுத்து வாங்கியவர், "தொறக்காம இருக்கறது நல்லதுங்க. ரொம்ப நாளாயிருச்சு" என்று மெதுவாகச் சொன்னார். மாமனார் அதைக் கேட்காதவர் மாதிரி நடந்தார். ஆம்புலன்ஸில் முன்பக்கம் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். அரியலூர் தாண்டினோம். எதிரே லாரி ஒன்று வழிவிடாமல் நின்றபோது, "இதுலயெல்லாம் நீதான எட போடுற?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

விக்கிரமங்கலத்தில் பந்தலில் பெட்டியை இறக்கியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். தொறங்க, தொறங்க என்றார்கள். தங்கச்சி என்னைத்தான் பார்த்தாள். எல்லாரையும் நாலு எட்டு தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மாமனாரும் ஆம்புலன்ஸ் டிரைவருமாக மூடியைக் கழற்றினார்கள். ஒரு சாண் அளவு தூக்கி மாமனார் மட்டும் குனிந்து பார்த்தார். உடனே மூடிவிட்டார். மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டே நின்றார்.

"மாமா, அவருதானா?" என்று தங்கச்சி கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"நான் பாக்கலாமா?"

அவர் தலையை ஆட்டவில்லை. அப்படியே எடுத்துப் போய் அடக்கம் செய்தோம்.

ஒன்பது நாள் முன்னால் வந்திருந்தால் அந்த முகம் பார்க்கிற மாதிரி இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெரு டாக்டர் ஒருவரிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். குளிரில் வைத்தால் அவ்வளவாக வித்தியாசம் வராது, ஆனால் சொல்ல முடியாது என்றார். பாதி வாக்கியத்தோடு எழுந்து வந்திருக்கலாம். முழுதும் கேட்டுவிட்டேன். வேறு டாக்டரிடம் கேட்கவில்லை.

கருமாதி முடிந்து நாலு நாள் கழித்து விக்கிரமங்கலம் போனேன். மத்தியானம், வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏண்ணே அத்தன நாளாச்சு? கூட வேல பாத்தவரு ஒருத்தருக்குப் போன வருஷம் பத்தே நாள்ல வந்துருச்சாமே."

அங்கே ஆபீஸில் தாமதம் என்ற பதில் என் வாயில் தயாராக இருந்தது. மாமனாருக்கு, மனைவிக்கு, தெருவில் கேட்டவர்களுக்கு எல்லாம் அதைத்தான் சொல்லியிருந்தேன். அவளிடம் வரவில்லை. ஃபேனிலிருந்து தொடங்கிச் சொன்னேன். இடையில் ஒரு தடவை பழக்கதோஷத்தில், மேனேஜர் எழுந்து நின்று படித்ததைச் சிரிப்பு வருகிற மாதிரி சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"ஒம்பது நாளா?"

"ஒம்பது நாளு ஆயி."

"எங்க மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேணாம். தெரிஞ்சா உன்னைய வாசப்படி ஏற விடாது இந்த வூடு. அப்புறம் எனக்குன்னு வர்றதுக்கு யாரு இருக்கா? ஆபீஸ்ல லேட்டுன்னு சொன்னியில்ல, அதுவே இருக்கட்டும்."

நான் தலையை ஆட்டினேன். உள்ளே போய் அவளுடைய போனை எடுத்து வந்தாள்.

"கம்பெனியிலேருந்து இன்னும் லெட்டரு வருமாம்ல. இதுல எம் பேருல ஒண்ணு ஆரம்பிச்சுக் குடு. இனிமே அவங்க எனக்கே அனுப்பட்டும்."

"நானே பாத்துச் சொல்றேனே ஆயி. இப்ப எல்லாம் சரி பண்ணியாச்சு, போனு, கம்ப்யூட்டரு, எல்லாத்துலயும் ஒண்ணுதான்."

"நீ ஆரம்பிச்சு மட்டும் குடு."

தொடங்கினேன். பெயர் கேட்ட இடத்தில் அவள் பெயரை அடித்து, சரியா என்று காட்டினேன். வாங்கி ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துவிட்டு, சரி என்றாள். பாஸ்வேர்டு கேட்டது. என்ன போடலாம் என்று நான் கேட்பதற்குள் போனை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அத நான் போட்டுக்கறேன். நீ அந்தாண்ட திரும்பிக்க."

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் அவள் விரல் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி வைக்கிற சத்தம் கேட்டது. இரண்டாவது தடவையும் அதையே அடிக்க வேண்டும், அது அவளுக்குத் தெரியுமோ என்னவோ என்று இருந்தது. சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் அப்படியே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்று, அவள் மறுபடி முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள்.